கர்ப்பத்தடை மருந்து: "கூடும்" என்ற ஒரு சொல்லோடு பதில் முடிந்துவிடுமா?



ஷவ்வால் பிறை ஐந்தோ ஆறோ இருக்கும். புதுவை ரெட்டியார்பாளையத்தில் அஸர் தொழுகை முடிந்து எழுந்தபோது ஒரு சகோதரர் மடித்த சீட்டு ஒன்றை நம் கையில் கொடுத்தார். "வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள் ஹளரத்" என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்து நின்றார்.

சீட்டில் இருந்த விஷயம் இதுதான்: கடைசிப் பிள்ளைக்குப் பத்து மாதம். ஷஃபானில் கர்ப்பத்தடை ஊசி போட்டுக் கொண்டார்கள். ரமளான் பிறை 3-ல் தீட்டு கண்டது. வழக்கம் ஏழு நாள். இம்முறை முதல் ஏழு நாள் வழக்கம்போல் போய், பிறகு சொட்டும் கறையுமாக பிறை 28 வரை நிற்கவேயில்லை. 26 நாளும் அந்தச் சகோதரி தொழவில்லை; நோன்பு வைக்கவில்லை; குர்ஆனைத் தொடவில்லை. ஒரு ஸஜ்தாகூட இல்லாமல் ரமளான் போய்விட்டதே, இனி நான் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள்.

சீட்டைப் படித்ததும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. ரஜப் மாதத்தில் இதே சகோதரர், வாசற்படியில் செருப்பு மாட்டும்போது, "தாற்காலிகக் கர்ப்பத்தடை மார்க்கத்தில் கூடுமா ஹளரத்?" என்று கேட்டிருந்தார். "தாற்காலிகம் என்றால் கூடும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நாம் நடந்துவிட்டோம். எந்த முறை, யாருடைய உடல் நிலை எப்படி, தொழுகையின் கணக்கு என்னவாகும் என்று ஒன்றையும் நாம் கேட்கவில்லை. நாம் சொன்னது பிழையல்ல. ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதியை அந்தச் சகோதரி ரமளான் முழுவதும் அழுது தீர்த்திருக்கிறார்கள். அவ்விருவரின் சம்மதத்தோடு, பெயரைக் கூறாமல், அந்த மீதிப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

மார்க்கத்தின் நிலை

குழந்தைச் செல்வம் அல்லாஹ்வின் அருட்கொடை. அன்பு செலுத்தும், பிள்ளைப்பேறுள்ள பெண்களை மணந்துகொள்ளும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டியதை அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் காண்கிறோம். வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் உணவளிப்பவன் நானே என்ற கருத்தில் திருமறை (6:151, 17:31) எச்சரிக்கிறது. எனவே, பிள்ளையே வேண்டாம் என்ற மனப்பான்மைக்கு நம் மார்க்கத்தில் இடமில்லை.

அதே சமயம், கரு உண்டாகாமல் தடுத்துக்கொள்வது நாயகத் தோழர்களின் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. அன்று அதற்கு இருந்த வழி "அஸ்ல்", அதாவது இந்திரியத்தை வெளியே விடுவது. குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அஸ்ல் செய்து வந்ததாகவும், செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியும் தடுக்கவில்லை என்றும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. ஜுதாமா பின்த் வஹ்பு (ரலி) அவர்களின் அறிவிப்பில் அஸ்லைக் குறித்துக் கடுமையான சொல் வந்துள்ளதும் உண்மையே. இரண்டையும் சேர்த்துப் பார்த்த இமாம்களில் பெரும்பாலோர், அது ஹராமல்ல, காரணமின்றிச் செய்வது சிறப்பல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் திருமணப் பகுதியில் இதை விரிவாக ஆராய்கிறார்கள். பிரசவ ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதை ஏற்கத்தக்க காரணமாகவும், பெண் பிள்ளை பிறந்துவிடுமோ என்ற அச்சத்தைத் தீய எண்ணமாகவும் பிரித்துக் காட்டுகிறார்கள். உண்டாகிவிட்ட கருவைக் கலைப்பது இதனின்று முற்றிலும் வேறு என்றும் தெளிவாக்குகிறார்கள்.

நம் காலத்து முறைகளைப் பற்றி உலக அளவில் உலமாக்கள் கூடி முடிவெடுத்தது 1988-ம் ஆண்டு டிசம்பரில். குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பிள்ளைப்பேற்றைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்துவது ஆகாது என்றது. ஷரீஅத் ஏற்கும் நிர்ப்பந்தமின்றி ஆணோ பெண்ணோ நிரந்தரமாகக் கருத்தடை செய்துகொள்வது ஹராம் என்றது. இடைவெளி விடுவதற்காகத் தாற்காலிகமாகத் தடுத்துக்கொள்வது கூடும் என்றது. இந்தக் "கூடும்" என்ற சொல் தனியே வரவில்லை. கணவன் மனைவி இருவரும் கலந்து பேசிச் சம்மதித்திருக்க வேண்டும். அதனால் தீங்கு ஏற்படக்கூடாது. வழி ஆகுமானதாக இருக்க வேண்டும். உண்டான கருவுக்கு எதிராக அது இருக்கக்கூடாது. இத்தனை நிபந்தனைகளோடுதான் வந்தது.

பக்க விளைவும் ஷரீஅத்தின் பேச்சே

"தீங்கு ஏற்படக்கூடாது" என்பதே நிபந்தனை என்றால், மருந்தின் பக்க விளைவு என்ன என்ற கேள்வி டாக்டரோடு நின்றுபோகும் கேள்வியல்ல. அது மஸ்அலாவின் உள்ளேயே இருக்கும் கேள்வி. ஒரே மாத்திரை, தீங்கில்லாத ஒரு பெண்ணுக்கு ஆகுமானதாகவும், அதனால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய இன்னொரு பெண்ணுக்கு ஆகாததாகவும் ஆகிவிடுகிறது.

தன்னைத்தானே அழிவில் போட்டுக்கொள்வதைத் திருமறை (2:195) தடுக்கிறது. உன் உடலுக்கு உன்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். மதுவையும் சூதையும் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவற்றில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்காமலேயே, பயனைவிடப் பாவம் பெரிது என்று அல்லாஹ் எடைபோட்டுக் காட்டுகிறான் (2:219). மருந்தை மதுவோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். பயன் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடி ஏற்பதும் தவறு, தீங்கு இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடி ஒதுக்குவதும் தவறு. இரண்டையும் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற முறையைத்தான் இந்த வசனத்திலிருந்து கற்றுக்கொள்கிறோம். இரண்டு தீங்குகளில் ஒன்று தவிர்க்க முடியாததானால் இலேசானதைத் தேர்ந்துகொள்வது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று.

எனவே, தட்டில் வைக்கும் பொருளை முதலில் அறிந்துகொள்வோம்.

மாத்திரை

உடலின் சுரப்பிகள் சுரந்து இரத்தத்தில் கலந்து வேலை செய்யும் பொருளே ஹார்மோன். பெண்ணுடலில் உள்ள ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற இரண்டைப் போன்ற செயற்கைப் பொருள்களைக் கொண்டது கர்ப்பத்தடை மாத்திரை. அது மாதந்தோறும் சினைமுட்டை வெளிவருவதை நிறுத்தி வைக்கிறது. அமெரிக்காவில் 1960-ம் ஆண்டு முதன்முதலாக இதற்கு அனுமதி கிடைத்தபோது அதன் ஹார்மோன் அளவு இன்றுள்ளதைவிடப் பல மடங்கு. பெண்களுக்கு இரத்தம் உறையும் நோய் கண்டது தெரியவந்த பிறகே, 1970-ல் அந்நாட்டு செனட் சபை விசாரணை நடத்தியது. மருந்தோடு எச்சரிக்கைத் தாள் வைக்கும் ஏற்பாடும் வந்தது. இன்றைய மாத்திரையில் அளவு மிகக் குறைவு. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் "மாலா-என்" அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச் சத்து மாத்திரைகளும் உள்ளன.

இதன் நன்மை: ஒழுங்காகச் சாப்பிட்டால் கரு நிற்பது அரிது. தீட்டு முறைப்படும், உதிரம் குறையும், வயிற்று வலி தணியும். கருப்பை உட்சுவர், சினைப்பை ஆகியவற்றின் புற்றுநோய் வாய்ப்பும் குறைகிறது. நிறுத்தினால் சில வாரங்களில் உடல் பழைய நிலைக்கு வந்துவிடும். மாத்திரை மலடாக்கிவிடும் என்ற பேச்சில் உண்மையில்லை.

இதன் தீங்கு: முதல் மூன்று மாதம் குமட்டல், தலைவலி, மார்பு வலி, இடையில் கறைபடுதல் சிலருக்கு உண்டு. சிலருக்கு மனச்சோர்வு. சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறும். மார்பு, கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய் வாய்ப்பு சாப்பிடும் காலத்தில் சற்றுக் கூடுகிறது. கால் நரம்பில் இரத்தம் உறைந்து கட்டியாவதே எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது.

இதில் அளவு தெரியாமல் பயப்படுவதும் கூடாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தந்துள்ள கணக்கின்படி, ஓராண்டில் 10,000 பெண்களில் மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாதவர்களில் 1 முதல் 5 பேருக்கு இப்படி இரத்தம் உறைகிறது. மாத்திரை சாப்பிடுவோரில் 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேர். பிரசவித்த முதல் 12 வாரங்களில் அதே கணக்கு 40 முதல் 65 வரை போகிறது. ஆக, மாத்திரையில் ஆபத்து உண்டு. கர்ப்பத்தில் அதைவிட அதிகம் உண்டு. உடல் நலமுள்ள இளம் பெண்ணுக்கு முதல் ஆபத்து மிகச் சிறியது.

ஆனால் எல்லோரும் அந்த இளம் பெண்ணல்லர். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், முன்பு இரத்தம் உறைந்தவர்கள், கண்முன் ஒளி சிதறித் தலைவலி வருபவர்கள், இதய நோய், கல்லீரல் நோய், மார்புப் புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஏற்றதல்ல. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பாலூட்டும் தாயும் பொதுவாக இதைத் தவிர்க்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்தும், வலிப்பு நோய்க்கான சில மருந்துகளும் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல் வந்தாலோ மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஊசி

நம் சகோதரி போட்டுக்கொண்டது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. தனியாரிடம் 1990-களிலிருந்தே கிடைத்து வந்த இந்த மருந்தை மத்திய அரசு 2017-ம் ஆண்டு "அந்தரா" என்ற பெயரில் இலவசத் திட்டத்தில் சேர்த்தது. இதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஆகவே பிரசவித்து ஆறு வாரம் கழிந்த, பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கலாம். தினமும் நினைவு வைத்திருக்க வேண்டிய தொல்லையும் இல்லை.

அதற்கு ஈடாகத் தீட்டின் ஒழுங்கு குலைகிறது. முதல் சில மாதங்கள் கணக்கில்லாமல் கறைபடுவது இந்த ஊசியில் மிகச் சாதாரணம். ஓராண்டு தொடர்ந்து போட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தீட்டே நின்றுவிடுகிறது. பலருக்கு உடல் எடை கூடுகிறது. நீண்ட நாள் போட்டால் எலும்பின் அடர்த்தி குறைவதால் 2004-ல் அமெரிக்காவில் மருந்தின் விளக்கக் குறிப்பில் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. நிறுத்திய பிறகு பெரும்பாலும் அது மீள்கிறது. பல ஆண்டு தொடர்ந்தவர்களில் மூளையைச் சுற்றிய உறையில் வரும் ஓர் அரிய கட்டியின் வாய்ப்பு கூடுவதாக 2024-ல் பிரான்சு நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. கடைசி ஊசிக்குப் பின் மீண்டும் கரு நிற்கச் சுமார் பத்து மாதம்கூட ஆகலாம்.

மாத்திரைக்கும் ஊசிக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை இங்கே கவனியுங்கள். ஒத்துக்கொள்ளாத மாத்திரையை இன்று இரவே நிறுத்திவிடலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது; மூன்று மாதம் சுமந்தே தீர வேண்டும். திருப்பிக்கொள்ளக்கூடிய தீங்கும், திருப்பிக்கொள்ள முடியாத தீங்கும் தராசில் ஒரே எடையல்ல. அதனால்தான் ஊசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகம்.

கேட்காமலும் சொல்லாமலும் போட்டால் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1985-ல் ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்சேருவில் "நெட்-என்" என்ற இன்னொரு கர்ப்பத்தடை ஊசி பரிசோதனையாகப் போடப்பட்டது. இது பரிசோதனை என்பதும், இதன் விளைவுகளும் பெண்களுக்குச் சரியாக விளக்கப்படவில்லை என்று "ஸ்திரீ சக்தி சங்கடனா" முதலிய பெண்கள் அமைப்புகள் 1986-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. ஒரு பெண்ணின் உடலில் செலுத்தும் மருந்தைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதே அவர்களுடைய வழக்கு. இது நம் மார்க்கத்துக்கும் உடன்பாடான கோரிக்கையே. விளங்காமல் தலையாட்டுவது சம்மதமாகாது.

ஹார்மோன் இல்லாத வழிகள்

தாய்ப்பால்: பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையாமல், இரவும் பகலும் தாய்ப்பாலையன்றி வேறொன்றும் கொடுக்காமல், தாய்க்குத் தீட்டும் திரும்பாமல் இருந்தால், 100-க்கு 98 பேருக்குக் கரு நிற்பதில்லை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். முழு ஈராண்டு பாலூட்டுவதைத் திருமறை (2:233) குறிப்பிடுகிறது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. இடைவெளி விடுவது மேனாட்டார் நமக்குக் கற்றுத் தந்த பாடமல்ல.

நிரோத்: அரசு 1968-ல் இந்தப் பெயரில் பரப்பத் துவங்கிய ஆணுறை. மனைவியின் உடலில் எந்த மருந்தும் சேர்வதில்லை. தீட்டின் கணக்கு மாறுவதில்லை. அரிதாகச் சிலருக்கு ரப்பர் ஒவ்வாமை உண்டு. இதைத் தவிர இதன் குறை, ஒவ்வொரு முறையும் கவனம் வேண்டும் என்பதே.

அஸ்ல்: மருந்தும் செலவும் இல்லை. ஆனால் தவறும் வாய்ப்பு அதிகம்.

காப்பர்-டி: கருப்பைக்குள் வைக்கும் சிறு சாதனம். இதில் ஹார்மோன் இல்லை. செம்பின் தன்மையால் விந்தணு செயலிழந்து, பெரும்பாலும் கரு உண்டாவதே தடைப்படுகிறது. 380-ஏ என்ற வகை 10 ஆண்டும், 375 என்ற வகை 5 ஆண்டும் பயன்படும். எடுத்துவிட்டால் உடனே கரு நிற்கலாம். ஆனால் முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்று வலியும் கூடும். இரத்த சோகை உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வைப்பதற்கு மறைவிடம் திறக்கப்படுவதால், தேவை இருக்கும்போது, பெண் மருத்துவரிடம் மட்டுமே செல்வது பேணுதல்.

சாயா: லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மாத்திரை. 1991-ல் "சஹேலி" என்று வெளிவந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் "சாயா" என்ற பெயரில் இலவசம். முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. இது மேலே சொன்ன ஹார்மோன் வகை அல்ல. பாலூட்டும் தாயும் சாப்பிடலாம். சிலருக்குத் தீட்டு தள்ளிப்போகும். சினைப்பையில் நீர்க்கட்டி, அண்மையில் மஞ்சள் காமாலை கண்டவர்களுக்கு ஏற்றதல்ல.

எந்த முறை எவ்வளவு காக்கும்? அமெரிக்க ஆய்வுக் கணக்கு ஒன்றில், வழக்கமான கவனத்தோடு 100 தம்பதியர் ஓராண்டு பயன்படுத்தினால் கரு நின்றுவிடுவோர்: அஸ்லில் 20, நிரோத்தில் 13, மாத்திரையில் 7, ஊசியில் 4, காப்பர்-டியில் ஒன்றுக்கும் குறைவு. ஒன்றும் செய்யாவிட்டால் 85.

எடைபோடுவது எப்படி?

எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது: மீண்டும் கரு நின்றுவிட்டால் இந்தத் தாய்க்கு என்ன ஆகும்? இதய நோயோ கடும் இரத்த சோகையோ உள்ளவருக்கு, அடுத்த கர்ப்பமே உயிருக்கு ஆபத்தானால், தவறும் வாய்ப்புக் குறைந்த முறைதான் வேண்டும். அதன் சிறு தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு வருட இடைவெளி மட்டுமே நோக்கம், ஆறு மாதம் முன்னே பின்னே ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ் என்பவருக்கு, உடலில் பெரிய மாற்றம் செய்யும் மருந்து எதற்கு?

இரண்டாவது: இந்தப் பெண்ணின் உடலுக்கு இந்த மருந்து என்ன செய்யும்? இதற்கு அக்கம்பக்கத்தாரின் அனுபவம் சான்றாகாது. நோன்பை விடுவதற்கும் தயம்மும் செய்வதற்கும் திறமையும் நம்பிக்கையுமுள்ள மருத்துவரின் சொல்லை ஃபுகஹாக்கள் ஆதாரமாகக் கொண்டார்கள். இங்கும் அவ்வாறே. புதுவைவாசிகளுக்கு இது எளிது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மர் இருக்கிறது. மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்காமல், இரத்த அழுத்தம் பார்த்து, பழைய நோய்களைச் சொல்லி, விளைவுகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது: சுமையை யார் சுமக்கிறார்? இந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதேயில்லை. அன்று தோழர்கள் கைக்கொண்ட அஸ்லில் சிரமம் ஆணுடையது. அதையும் மனைவியின் அனுமதியின்றிச் செய்யக்கூடாது என்று உமர் (ரலி) அவர்கள் வழியாக ஓர் அறிவிப்பு இப்னுமாஜாவில் உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்றாலும், மனைவியின் சம்மதம் வேண்டும் என்பது ஹனஃபி இமாம்களின் தீர்ப்பு. தன் உடலைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் முறைக்கே மனைவியின் சம்மதம் வேண்டுமென்றால், அவளுடைய உடலில் மருந்தேற்றும் முறைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

சீட்டைக் கொடுத்த சகோதரரிடம், "ஊசி என்று முடிவு செய்தது யார்?" என்று கேட்டோம். "நான்தான் ஹளரத்" என்றார். "நிரோத் ஏன் வேண்டாமென்றீர்கள்? உங்களுக்கு அதில் என்ன தீங்கு?" என்றோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தீங்கு ஒன்றுமில்லை, பிடிக்கவில்லை" என்றார். நாமும் மேலே பேசவில்லை. ஒருவருக்குப் பிடிக்காமை, மற்றவருக்கு 26 நாள் உதிரப்போக்கு. எது இலேசானது என்று சொல்ல ஃபிக்ஹு நூலைப் புரட்ட வேண்டியதில்லை.

சகோதரியின் தொழுகைக் கணக்கு

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். மருந்தினால் கறைபடும் எல்லாப் பெண்களுக்கும் இது பயன்படும்.

கர்ப்பப்பையிலிருந்து வரும் எல்லா உதிரமும் ஹைளு அல்ல. ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) என்ற பெண்மணி, எனக்கு உதிரம் நிற்பதேயில்லை, தொழுகையை விட்டுவிடவா என்று கேட்டபோது, வேண்டாம், அது நரம்பின் உதிரம், ஹைளு நாட்களில் மட்டும் தொழுகையை விட்டுப் பிறகு கழுவித் தொழுதுகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். இந்த அதிகப்படி உதிரத்துக்கு "இஸ்திஹாளா" என்று பெயர்.

ஹனஃபி மத்ஹபில் ஹைளு குறைந்தது 3 நாள், அதிகம் 10 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தது ஒரு பகல் ஓர் இரவு, அதிகம் 15 நாள். இரண்டிலும் ஹைளுகளுக்கு இடையே சுத்தம் குறைந்தது 15 நாள். இந்த உச்ச எல்லைக்குள் உதிரம் நின்றுவிட்டால், வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலும் அத்தனையும் ஹைளுதான். எல்லையைத் தாண்டினால் கணக்கு மாறும். ஹனஃபியில் அவளுடைய பழைய வழக்க நாட்களே ஹைளு, மீதி இஸ்திஹாளா. ஷாஃபிஈயில் அழுத்தமான உதிரத்தையும் மங்கலானதையும் பிரித்தறிய முடிந்தால், அதன் நிபந்தனைகளோடு, அழுத்தமானதே ஹைளு. பிரிக்க முடியாவிட்டால் பழைய வழக்கம்.

நம் சகோதரிக்கு வழக்கம் 7 நாள். வழக்கம்போல் அழுத்தமாகப் போனதும் அந்த முதல் 7 நாளே. பிறகு 19 நாள் மங்கிய கறை. ஆகவே இரண்டு மத்ஹபின்படியும் 7 நாள் ஹைளு, 19 நாள் இஸ்திஹாளா. ஹைளு நாட்களின் தொழுகைக்குக் களா இல்லை. 19 நாள் தொழுகை களாச் செய்ய வேண்டும்: ஃபர்ளு 95. ஹனஃபியானால் வித்ரு 19-ம் சேர்ந்து 114. நோன்பு 26-ம் களா. அடுத்த ரமளானுக்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும். கஃப்பாரா இல்லை.

114 என்று கேட்டு அந்தச் சகோதரி மலைக்க வேண்டாம். ஒவ்வொரு வேளைத் தொழுகையோடும் அதே வேளையின் களா ஒன்றைத் தொழுதுவந்தால் பத்தொன்பதே நாளில் முடிந்துவிடும். மஸ்அலா முன்பே தெரிந்திருந்தால், ஹனஃபியானால் பத்தாம் நாள் கடந்ததும் குளித்து, எட்டு முதல் பத்து வரை மூன்று நாளை மட்டும் களாச் செய்து, ரமளானின் மீதி நாட்களில் தொழுது, நோன்பும் நோற்றிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இஸ்திஹாளா உள்ள பெண், ஹைளு முடிந்ததற்காக ஒருமுறை குளித்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு தொழுகை நேரம் வந்ததும் கழுவி, துணி வைத்துக் கட்டி, ஒளுச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். ஹனஃபியில் அந்த ஒளு அந்த நேரம் முடியும்வரை நிற்கும். ஷாஃபிஈயில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி ஒளு. நோன்பு வைக்க வேண்டும், குர்ஆன் ஓதலாம், கணவனோடு சேருவதும் ஆகும்.

மருந்தினால் தீட்டே வராவிட்டால் அவள் சுத்தமானவளே. மாதம் முழுவதும் தொழ வேண்டும். ஆனால் அப்படிப்பட்டவளுக்குத் தலாக் நேர்ந்தால் இத்தாவின் கணக்கு சிக்கலாகும். அதைத் தானே முடிவு செய்யாமல் ஆலிம்களிடம் கேட்க வேண்டும். மாலா-என் சாப்பிடுபவருக்கு இரும்பு மாத்திரை நாட்களில் வரும் உதிரம், மேற்சொன்ன எல்லைக்குள் இருந்தால் ஹைளே.

மருந்து துவங்கும் பெண்கள் தங்கள் வழக்க நாட்களை, துவங்குவதற்கு முன்பே, காலண்டரில் குறித்து வையுங்கள். பின்னால் கணக்குப் பார்க்க அதுவே ஆதாரம். உதிரம் மிகுதியாகப் போனாலோ நீண்டுகொண்டே போனாலோ, "ஊசியினால்தான்" என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாக் கறையும் ஊசியினால் என்று சொல்ல முடியாது.

முடிவாக

கணவன்மார்களே! "கூடுமா?" என்று கேட்க வரும்போது, எந்த முறை, வீட்டில் உடல்நிலை எப்படி, அவர்களுக்குச் சம்மதமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாய்மார்களே! வெட்கத்தால் கேள்வியை விழுங்காதீர்கள். மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்மணிகளை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். நேரில் கேட்க முடியாவிட்டால் சீட்டெழுதி அனுப்புங்கள். இமாம்களாகிய நாம், வாசற்படியில் நின்று ஒரு சொல்லில் பதில் கூறிவிட்டுப் போகாமல், உட்கார வைத்து, நாலு கேள்வி கேட்டுப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

துல்கஃதா முதல் வாரத்தில் அந்தச் சகோதரர் மீண்டும் வந்தார். களாத் தொழுகை முடிந்துவிட்டதாம். இரண்டாவது ஊசி போடவில்லையாம். "இனி பொறுப்பு என்னுடையது" என்றார். அதற்குமேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை.

நம் வீடுகளில் உடல் நலத்தையும், தொழுகையின் பேணுதலையும், கணவன் மனைவியரிடையே இரக்கத்தையும் வல்ல நாயன் நிலைக்கச் செய்வானாக! அறியாமல் விட்டவற்றை நிறைவு செய்யும் தௌஃபீக்கைத் தருவானாக! நம்முடைய பாதிப் பதில்களை மன்னிப்பானாக! ஆமீன். அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.